மூன்றாம் எண் படம்

“என்ன பிரதர், மருந்துச் சீட்டா எழுதறீங்க? ஒரே ஒரு நம்பருக்கு இவ்வளவு நேரமா?”

பின்னாலிருந்து கிளாரன்ஸ் கேட்டதும் ஆதிகேசவன் காகிதத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். “ரகசிய ஓட்டுன்னா ரகசியமா இருக்க வேணாமா? தள்ளி நில்லுங்க.”

“ரொம்ப நல்லவர்தான் நீங்க” என்று சிரித்துக்கொண்டே கிளாரன்ஸ் நகர்ந்தார்.

ரிச்சர்ட்ஸ் டவுன் காமிரா சங்கத்தின் வருஷப் போட்டி. ஜெயிக்கிற படம் மைசூர் தசராக் கண்காட்சிக்குப் போகும். சுவரில் படங்கள் பெயரில்லாமல் தொங்கின. ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண். காரியதரிசி கிருஷ்ணப்பா அன்று காலையில்தான் அவற்றைத் தூரிகையால் எழுதி ஒட்டியிருந்தார். அவர் ஹைஸ்கூலில் கன்னடப் பண்டிதர். தன் கையெழுத்தில் அவருக்குத் தனிப் பெருமை.

நீலசந்திராவில் விடியற்காலைக் குழாயடி, குடங்களோடு பெண்கள். அதுதான் ஆதிகேசவனின் படம். அதன் கீழே வாலைச் சுருட்டிக்கொண்டு அழகாக நின்றது ஒரு ‘3’.

தன் படத்துக்குத் தானே ஓட்டுப் போடக் கூடாது என்பது சங்கத்தின் விதி. அதைக் கொண்டுவந்தவரே ஆதிகேசவன்தான். வேலூரிலிருந்து கம்பவுண்டர் வேலைக்கு மாற்றலாகி வந்த புதிதில், கலந்துகொண்ட முதல் கூட்டத்திலேயே எழுந்து, “தன் படத்துக்கு ஓட்டுப் போடறவனுக்கும், தன் கழுத்துல தானே மாலை போட்டுக்கறவனுக்கும் என்ன சார் வித்தியாசம்?” என்று கேட்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அப்போது அவர் மனைவி ஜானகியிடம் பந்தயம் கட்டியிருக்கவில்லை.

வீட்டில் இருந்த ஒரே குளியலறையைக் கறுப்புத் துணி கட்டி, படம் கழுவும் இருட்டறை ஆக்கியிருந்தார். ஜானகி தோளில் துண்டோடு பக்கத்து வீட்டு லட்சுமம்மாவின் கதவைத் தட்டித்தான் குளித்து வந்தாள். இன்று அவர் கிளம்பும்போது வாசலை மறித்து நின்றாள்.

“ஜெயிச்சீங்கன்னா நான் வாயே திறக்க மாட்டேன். தோத்தீங்கன்னா உங்க தட்டு, புட்டி எல்லாம் இன்னிக்கே வெளியே வந்துடணும். என் வீட்ல, என் பாத்ரூம்ல நான் நிம்மதியா தலைக்குக் குளிக்கணும்.”

“சரி போ” என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

ஆதிகேசவன் மறுபடி சுவரைப் பார்த்தார். ஜட்கா வண்டிக்கு அடியில் தூங்கும் ஒரு நாயின் படத்தின் முன்னால் கூட்டம் நின்றது. நாய் தூங்குவதில் என்ன கலை? அதன் எண்ணைக்கூட அவர் பார்க்கவில்லை. குழாயடிப் படத்தை வேறு யாராவது எடுத்திருந்தால் தன் ஓட்டு அதற்குத்தானே? எடுத்தவன் தான் என்பதற்காக நல்ல படத்தை ஒதுக்குவதுதான் அநியாயம் என்று தோன்றியது.

மனம் லேசாயிற்று. வாலெல்லாம் இல்லாமல் வெறும் 3 என்று எழுதினார். விரல்கள் பழக்கத்தில் காகிதத்தை மடித்து முனையைச் செருகின. அதை பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கிருஷ்ணப்பா ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் படித்தார். “ஆறு… மூணு… ஒண்ணு… ஆறு…”

ஆறு என்று கேட்கும்போதெல்லாம் ஆதிகேசவன் ஒரு விரலை மடக்கி எண்ணினார். எவன் எடுத்த படமோ அந்த ஆறு, நாசமாய்ப் போக என்று மனசாரச் சபித்தார். சபித்ததற்குப் பலன் இருந்தது. அடுத்தடுத்து மூன்றாக வந்து, இரண்டும் சமமாகிவிட்டன.

“இன்னும் ஒரே சீட்டு” என்று கிருஷ்ணப்பா டின்னுக்குள் கைவிட்டார். வெளியே வந்தது பொடி மருந்துப் பொட்டலம் போல மடித்த சீட்டு.

“இது கம்பவுண்டர் சாரோடது!” என்று யாரோ கத்தினார்கள். “காலையில ஒண்ணா, ராத்திரி ஒண்ணா?”

கூடமே சிரித்தது. ஆதிகேசவன் மட்டும் தன் கையையே முறைத்துப் பார்த்தார். பாழாய்ப் போன விரல்கள்!

“மூணு!” என்றார் கிருஷ்ணப்பா. “மூணாம் நம்பர் ஜெயிச்சுது!”

ஜெயித்தாயிற்று, குளியலறை தப்பித்தது. ஆனால் தன் படத்துக்குத் தானே போட்ட ஓட்டில், ஊரே பார்க்க. படம் எடுத்தவர் பெயரைக் கிருஷ்ணப்பா சொல்வதற்குள் தானே ஒப்புக்கொண்டுவிடுவது மேல் என்று ஆதிகேசவன் தட்டுத்தடுமாறி எழுந்தார்.

“நான் ஒண்ணு சொல்லணும்… என்னை மன்னிச்சு…”

அதற்குள் கிளாரன்ஸ் ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “நீங்க எதுவுமே சொல்ல வேணாம் பிரதர். உங்க படத்தை விட்டுட்டு என் நாய்க்குப் போட்டீங்களே! உங்களைப் போய்க் கேலி பண்ணினேனே!”

கைதட்டல் கூரையைப் பிளந்தது. கிருஷ்ணப்பா மேடையிலிருந்து இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “விதியைக் கொண்டுவந்தவரே அதைக் காப்பாத்திட்டீங்க ஸ்வாமி. இல்லேன்னா மைசூருக்கு உங்க குழாயடிதான் போயிருக்கும்.”

ஆதிகேசவனுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் படத்தின் கீழே வாலைச் சுருட்டிக்கொண்டு நின்ற எண்ணை நோக்கி விரல் நீட்டினார். “அப்போ… அது?”

“அதுவா? கன்னட ஆறு, ஸ்வாமி.”