ரெட்டைப் பிறவி

“வழிய விடு, வழிய விடு! கிடைச்சிருச்சு!”

பல் டாக்டர் தோளில் துருப்பிடித்த சைக்கிள் பிரேமோடு தன் வீட்டுக்குள் நுழைந்தார். சக்கரம் இல்லை, செயின் இல்லை, சீட்டும் இல்லை. வெறும் எலும்புக்கூடு.

“கிளினிக்குப் போனவரு இரும்புக்கடையிலேருந்து வர்றீங்க,” என்றாள் மனைவி.

“கடைக்காரர் போன் பண்ணாரு. ‘டாக்டர், நீங்க கேட்டது எடைக்கு வந்திருக்கு’ன்னாரு. பேஷண்ட் வாயைத் திறந்துட்டு உக்காந்திருந்தாரு. ‘அப்படியே இருங்க’ன்னு சொல்லிட்டு ஓடினேன்.”

“ஐயோ! அந்த மனுஷன்?”

“திரும்பி வந்தப்பவும் திறந்துதான் வச்சிருந்தாரு. தங்கமானவரு.”

பிரேமைச் சாப்பாட்டு மேசைமேல் கிடத்தினார். பிரேமின் நடுக்குழாயில் சுற்றியிருந்த பூப்போட்ட துணியை அவள் அவிழ்த்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கல்யாணமான புதிதில் அவர் கொடுத்த வாக்கு அது. ஒரே மாதிரி இரண்டு வண்டி, இருவரும் ஜோடியாக ஏரிக்கரையைச் சுற்றி வருவது. முதல் பிரேம் அந்த வருடமே கிடைத்தது. சாக்கில் சுற்றிப் பரணில் போட்டார். ஜோடி கிடைக்காமல் அதைத் தொடமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். எட்டு வருடம் ஓடிவிட்டது. வண்டிதான் ஓடவில்லை.

“உங்க பரணை அண்ணாந்து பாத்தே என் கழுத்து சுளுக்கிக்கிச்சு,” என்று அவள் சொல்லாத மாதம் இல்லை.

பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைக் குழாய்க்குள் விட்டு டார்ச் அடித்தார்.

“சொத்தையே இல்ல! உள்ள சுத்தமா இருக்கு. சீட்டுக்குக் கீழ இந்த நெளிவைப் பாரு. மேல இருக்கறதுலயும் இதே இடத்துல இருக்கு! ஒரே அச்சு, ஒரே குறை. ரெட்டைப் பிறவிடீ! இந்த அதிசயம் யாருக்குக் கிடைக்கும்?”

“உங்களுக்குத்தான் கிடைக்கும்.”

“ஞாயித்துக்கிழமை பெயிண்ட். உனக்குப் பச்சை, எனக்கும் பச்சை.”

“ஏங்க, நான் ஒண்ணு சொல்லணும்.”

“அப்புறம் சொல்லு. ஸ்டூலைப் பிடி.”

பிரேமை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார்.

“அதை இறக்கி வச்சுட்டு ஏறுங்களேன்!”

“முடியாது. எட்டு வருஷம் காத்திருந்ததுங்க. ரெண்டும் முதல்ல ஒண்ணை ஒண்ணு பாக்கட்டும்.”

பரணுக்குள் கையை விட்டுத் துழாவினார். சாக்கு தட்டுப்பட்டது. இழுத்தார். எடையே இல்லாமல் கையோடு வந்தது.

“ஏய், இங்க இருந்தது எங்க?”

“உங்க தோள்ல.” அவள் ஸ்டூலை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். “போன வாரம்தான் எடைக்குப் போட்டேன். பரவால்ல விடுங்க, ஒரு கேரியரை மாட்டுங்க, நான் பின்னாடி உக்காந்துக்கறேன்.”