ஹோல்டர்பாக்குக்கு வந்த மணி

"லாரி வருது! லாரி வருது!"

மர மில் பக்கமிருந்து குரல் கேட்டதும் ஊர்த் தலைவர் ஓட்மாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தொப்பியை முன்பின்னாக மாட்டிக்கொண்டு மாதா கோயில் வாசலுக்கு ஓடினார்.

பின்னே? உலகப் போரின்போது பீரங்கி வார்க்க வேண்டும் என்று அரசாங்கத்தார் ஹோல்டர்பாக் கோயில் மணியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். போனது போனதுதான். கோபுரம் அன்றிலிருந்து ஊமை.

பக்கத்து ஊர் ஸ்டைன்ரோட்காரர்களோ ஈஸ்டருக்கே பெரிய மணி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள். "கவலைப்படாதீங்க, உங்களுக்கும் சேர்த்து நாங்களே அடிச்சுடறோம்" என்று நக்கல் வேறு.

உருக்காமல் மிஞ்சிய மணிகள் ஹாம்பர்க் துறைமுகத்தில் கிடக்கின்றன, கேட்கிற ஊருக்கு ஒன்று தருகிறார்கள் என்று தெரிந்ததும் ஓட்மார் தன் மைத்துனன் வெண்டலினை அனுப்பிவைத்தார். வெண்டலின் இரும்படிக்கிறவன். அதிகம் பேசமாட்டான்.

"மச்சான், இருக்கறதுலயே பெருசாப் பார்த்து எடு. அடிச்ச அடியில ஸ்டைன்ரோட்காரன் காது கிழியணும்!"

அந்த மணிதான் இதோ வருகிறது.

வாசலில் தேவதாரு இலைத் தோரணம். ஒரு பக்கம் பீர்ப் பீப்பாய்கள், ஒரு பக்கம் அடுப்பில் பொரிகிற தொத்திறைச்சி. பேண்டு வாத்தியக்காரர்கள் கன்னம் வெடிக்க ஊதினார்கள். ஸ்டைன்ரோட் மாவு மில்காரர் கெபார்ட்கூட வேடிக்கை பார்க்க வந்து முதல் வரிசையில் நின்றார்.

கிழக்கே சொந்த ஊரிலிருந்து விரட்டப்பட்டு, போர் முடிந்த கையோடு இங்கே வந்து சேர்ந்த அகதிக் குடும்பங்கள் மட்டும் தூரத்தில் வேலியோரம் நின்றன. மர மில்லுக்குப் பின்னால் பலகைக் கொட்டகையில் குடியிருப்பவர்கள். "நீங்கள்லாம் முன்னால வந்து நெரிக்காதீங்க, பேண்டுக்கு வழி வேணும்" என்று காலையிலேயே ஓட்மார் சொல்லிவிட்டார்.

லாரி நின்றது. வெண்டலின் இறங்கித் தார்ப்பாயை இழுத்தான்.

பேண்டு பாதியில் நின்றுபோனது.

மணி ஓர் ஆளின் இடுப்பு உயரம்கூட இல்லை.

முதலில் சிரித்தவர் கெபார்ட். "என்ன ஓட்மார், இதைக் கோபுரத்துல மாட்டப் போறீங்களா, பசு கழுத்துலயா?"

ஓட்மாரின் முகம் சிவந்தது. "எங்கேடா பெரிய மணி?"

"இதுதான் மாமா."

"இதுதான்னா? அங்க வேற மணியே இல்லையா?"

"ஏன் இல்ல?" என்று லாரி டிரைவர் தலையை நீட்டினார். "ஆள் உயரத்துக்கு ஒண்ணு உங்க ஊருக்குன்னே ஒதுக்கி வச்சிருந்தாங்க. இவருதான் அது வேணாம், இதுதான் வேணும்னு நாள் பூரா அங்க மல்லுக்கு நின்னாரு!"

அவ்வளவுதான். ஊரே கொதித்தது.

"ஸ்டைன்ரோட்காரன்கிட்ட எவ்வளவுடா வாங்கின?"

"பெரிய மணியைத் தூக்கச் சோம்பேறித்தனம்!"

ஓட்மாரின் மனைவி வால்புர்கா தலையில் அடித்துக்கொண்டாள். "கூடப்பிறந்தவன்னு நினைச்சேனே, இப்படி ஊர் சிரிக்க வச்சுட்டியேடா!"

வெண்டலின் டிரைவரையும் கூட்டிக்கொண்டு, வாசலில் நட்டிருந்த மரச்சட்டத்தில் மணியைக் கட்டித் தொங்கவிட்டான். பாதிரியார் அவசர அவசரமாகத் தீர்த்தம் தெளித்தார்.

"அடி. அந்த அழகையும் கேட்டுத் தொலைப்போம்" என்றார் ஓட்மார்.

வெண்டலின் கயிற்றை இழுத்தான்.

மெல்லிய, தெளிவான ஓசை. முடியும்போது லேசாக ஒரு நடுக்கம். மறுபடி இழுத்தான்.

வேலியோரம் ஏதோ சலசலப்பு. ஓட்மார் திரும்பிப் பார்த்தார்.

அவர் வீட்டில் பால் கறக்கிற ஷோல்ட்ஸ் அம்மா, வந்த நாளிலிருந்து தலை நிமிர்ந்து பேசாதவள், கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள். முரசுக்காரனை ஒரே தள்ளு. அவள் பின்னால் கொட்டகைக் கூட்டம் மொத்தமும்.

"ஏய், ஏய், எங்க வர்றீங்க?" என்று ஓட்மார் குறுக்கே போனார்.

அவள் காதில் எதுவும் விழவில்லை. மணியை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டாள்.

"ஐயா, இது எங்க மணி! எங்க மெல்விட்ஸ் கோயில் மணி! என் கல்யாணத்துக்கு அடிச்ச மணிங்கய்யா!"

"நம்ம மணிதான்! அந்த நடுக்கம் வேற எதுக்கு உண்டு?" என்று ஒரு கிழவர் குதித்தார். "அடிப்பா தம்பி! இன்னொரு தடவை அடி!"

சிலர் அழுதார்கள், சிலர் சிரித்தார்கள், யாரோ பேண்டுக்காரனையே கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார்கள். கெபார்ட் மெல்லத் தன் தொப்பியைக் கழற்றினார்.

ஓட்மார் குனிந்து பார்த்தார். மணியின் விளிம்பில் 'மெல்விட்ஸ்' என்று வார்த்திருந்தது.

வெண்டலினைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். "தெரிஞ்சேதான் எடுத்தியா?"

"பேரைப் படிச்சேன் மாமா. எல்லைக்கு அந்தாண்ட இருக்கற ஊராம், மணி இனிமே அங்க போக முடியாதுன்னாங்க. அந்த ஊரு ஜனங்க இங்கதானே இருக்காங்க? விட்டுட்டு வர மனசு வரல."

ஓட்மார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மடையா! இதை முதல்லயே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

வெண்டலின் மீண்டும் கயிற்றைப் பிடித்தான்.

"சொல்லியிருந்தா ஊர்க் கூட்டம் போட்டு ஓட்டுக்கு விட்டிருப்பீங்க மாமா!"