கருப்பட்டி ரோச்

"பெண்டாட்டி பிள்ளைய யானை முன்னால விட்டுட்டு, கருப்பட்டிப் பையத் தூக்கிட்டு ஓடுன மனுசன்கூட நான் எப்படி மைனி குடித்தனம் பண்ண?"

மெட்டில்டா இதைச் சொல்லாத நாளில்லை. கேட்க ஒரு ஆள் வந்தால் போதும், முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவாள். இன்றைக்கு மாட்டியது எதிர்வீட்டு அந்தோணியம்மாள்.

"யானை எம்புட்டுப் பெருசு ஏளா?"

"நம்ம கோயில் வாசக்கதவு உசரம்!"

விஷயம் இதுதான். கிறிஸ்மஸ் லீவுக்கு மெட்டில்டாவும் புருஷன் ரோச்சும் மூன்று வயசு மகளோடு சிலோனில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போனார்கள். போகிற வழியில் மடு மாதா கோயிலில் தங்கினார்கள். சுற்றிலும் காடு. பொழுது சாய்கிற நேரம். ரோச் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். பிள்ளை மரத்தடியில் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. புதரை விலக்கிக்கொண்டு ஒற்றை யானை வந்து நின்றது.

"துதிக்கையப் பிள்ளகிட்ட நீட்டுது மைனி. நான் கல்லு மாதிரி உக்காந்துட்டேன். இவரு ஓடி வாராரு. சரி, பிள்ளையத் தூக்கத்தான் வாராருன்னு பாத்தா, தலைக்கடியில கிடந்த பைய வெடுக்குன்னு உருவுனாரு. பிள்ள தலை டொக்குன்னு தரையில முட்டுச்சு. திரும்பிக்கூடப் பாக்கல. ஒரே ஓட்டம்!"

"அப்புறம்?"

"பிள்ளைய நெஞ்சோட அணைச்சிக்கிட்டு, கண்ண மூடி, மாதாவே மாதாவேன்னு கத்துனேன். கண்ணத் தொறந்தா யானையக் காணல. மாதா செஞ்ச புதுமை, அற்புதம் மைனி!"

"பையில அப்படி என்னளா இருந்துச்சு, தங்கமா?"

"சித்திக்குன்னு கொண்டு போன உடன்குடிக் கருப்பட்டி."

"அடப் பாவி மனுசா! பெண்டாட்டியவிடக் கருப்பட்டி இனிச்சிருக்கே!"

தெருவே இப்போது அவரைக் கருப்பட்டி ரோச் என்றுதான் சொல்கிறது. ஊருக்குத் திரும்பிய அன்றே மெட்டில்டா மகளைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவள் தங்கச்சி ஹில்டாவுக்குக் கதை கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கைக் கோட்டை விட்டு வீட்டில் இருக்கிறவள். சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு வராது.

"தெனமும் ஒப்பாரி வச்சா ஆச்சா? அத்தான்கூடப் போறியா, இல்லையா? ஒண்ணச் சொல்லு."

"போக மாட்டேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பெரியவங்க முன்னால பேசித் தீத்துக்கிடுவோம். போய்ச் சொல்லிட்டு வா."

"சொல்லுதேன். என் பங்குக்கு நாலு கேள்வியும் கேட்டுட்டு வாரேன்."

ரோச் துறைமுகத்தில் தோணிக்கு உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். ஹில்டாவைக் கண்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வா ஏளா. பிள்ள நல்லாருக்காளா? தலையில வீக்கம் வத்திட்டா?"

"அதெல்லாம் வத்திட்டு. அக்காவுக்குத்தான் வத்தல." சொல்ல வந்ததைப் பட்டென்று சொல்லி முடித்தாள்.

ரோச் கையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டார். "சரி" என்றார்.

"என்ன சரி? ஓடலைன்னு ஒரு பொய்யாவது சொல்லுங்களேன்."

"ஓடத்தான செஞ்சேன். அவ சொல்லுதது நெசம்தான்."

மூட்டை சுமந்துபோன ஒருத்தன் சிரித்தான். "ஏலே, அண்ணாச்சிக்குக் கருப்பட்டிக் காப்பி சொல்லுங்கலே!"

ரோச் அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். ஹில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்புட்டு ஆசையாத் தூக்கிட்டு ஓடுனீங்களே, அந்தக் கருப்பட்டிய எங்க வச்சுத் தின்னீங்க?"

"நான் எங்க தின்னேன்? யானை தின்னுட்டு."

"யானை கருப்பட்டி திங்குமா?"

"அதுக்குத்தான வந்துச்சு!"

சொன்ன பிறகுதான் ரோச் நாக்கைக் கடித்தார். ஹில்டா விடுகிற ஆளா? வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"முழுசாச் சொல்லுங்க. சொல்லாட்டா இங்கன கத்துவேன்."

ரோச் குரலைத் தாழ்த்தினார். "தண்ணி எடுக்கப் போன எடத்துல ஒரு வண்டிக்காரரு சொன்னாரு, இனிப்பு கினிப்பு இருந்தா பக்கத்துல வைக்காதீங்க, யானை மோப்பம் பிடிச்சு வந்துரும்னு. திரும்பிப் பாக்கேன், துதிக்கை பிள்ள தலமாட்டுல நீளுது. அது பைக்கு நீட்டுதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. பைய உருவி, அதுக்கு முன்னால ஆட்டிக்கிட்டே ஓடுனேன். பின்னாலயே வந்துச்சு. காட்டுக்குள்ள வீசிட்டு மரத்துல ஏறிட்டேன்."

ஹில்டா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இத ஏன் அத்தான் அக்காகிட்ட சொல்லல? ஊரே சிரிக்குது, பாத்துட்டு நிக்கீங்க!"

"சிரிச்சா என்ன, சிரிக்கட்டும்."

"நல்லாருக்கே நியாயம்! இப்பவே போய்ச் சொல்லுதேன். பொட்டியக் கட்டிட்டு இன்னைக்கே வந்துருவா."

ரோச் அவள் கையை எட்டிப் பிடித்தார்.

"வேண்டாம் ஏளா. வருவா, வராம இருக்க மாட்டா. ஆனா அந்தக் கருப்பட்டிப் பையப் பிள்ளைக்குத் தலகாணியா வச்சது அவதான். இப்ப என்னையத் திட்டிட்டாவது ராத்திரி நிம்மதியா உறங்குதா... உறங்கட்டும்."