முதுகு தெரியும் காட்சி

டப்பிங் அறையில் சிவப்பு விளக்கு எரிகிறது. பறக்கும் நாயகனின் அம்மாவுக்குக் குரல் கொடுப்பவள் காலையிலிருந்து "கண்ணா!" என்று அலறி அலறித் தொண்டை கட்டி நிற்கிறாள், படம் முழுக்க அம்மாவுக்கு வேறு வசனமே இல்லை. திரையில் பதினோராவது கட்டடம் சரிகிறது; பறக்கக் கிளம்பும் நாயகன் அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறான்.

"பறக்கப் போறவன் எதுக்கு சார் திரும்பிப் பாக்குறான்? ஒரு காரணம் வேணாமா? இங்க அம்மா முதுகுதானே தெரியுது, உதடு தெரியலையே. ஒரு வரி சேத்துக்கலாம்," என்கிறாள் அவள்.

"கத்துனா போதும்மா," என்று டப்பிங் இயக்குநர் கொட்டாவி விடுகிறார்.

காட்சி மறுபடி ஓடுகிறது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மைக்கை நெருங்கி, கத்தாமல் சொல்கிறாள்: "போன தடவ நீ காப்பாத்துன ஊர்ல ஒரு வீடுகூட நிக்கலடா."

இயக்குநரின் அடுத்த கொட்டாவி பாதியில் நிற்கிறது. திரையில் அவன், முதன்முறையாகக் காரணத்தோடு, திரும்பிப் பார்க்கிறான்.