இன்னும் இரண்டு வருஷம்

டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் அந்தச் சின்னச் சபையின் ஒரு மூலையைப் போர்வை கட்டி மறைத்திருக்கிறார்கள். பத்து நாள் ஊழியத்துக்காகக் கடல் கடந்து வந்த நர்ஸ் அதற்குள் நின்று, வருகிறவர்களைப் பரிசோதிக்கிறாள். இன்று கடைசி நாள். மாலை வெயில் போர்வையின் இழைகளில் சிவப்பாகக் கசிகிறது. அந்தப் பக்கம் யாரோ நாற்காலிகளை அடுக்குகிறார்கள். ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து வீட்டு வேலை செய்யும் பெண் ஒருத்தி சட்டையைத் தளர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நிற்கிறாள். அவள் மார்பின் ஓரத்தில் நர்ஸின் விரல்கள் நின்றுவிடுகின்றன. புளியங்கொட்டை மாதிரி கெட்டியாக, நகராமல் ஒரு கட்டி. அக்குளிலும் ஒன்று. “எத்தன நாளாம்மா இருக்கு?” “போன வருஷத்துலேருந்து. வலிக்கலக்கா, அதான் விட்டுட்டேன்.” “கேன்சரா இருக்குமோன்னு பயமா இருக்கும்மா. இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

அந்தப் பெண் அழவில்லை. “தெரிஞ்சா மொதலாளியம்மா ஊருக்கு அனுப்பிடுவாங்க. பொண்ணு காலேஜ் முடிக்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் தாங்குமாக்கா?” நர்ஸ் அவள் சட்டையை இழுத்து மூடிவிடுகிறாள். “வைத்தியம் பாக்கலன்னா தாங்காதும்மா.” போர்வைக்கு வெளியே போதகர் செருமுகிறார். “சிஸ்டர், ஏர்போர்ட் வேன் வந்தாச்சு. அவங்களுக்காக சபையில ஜெபிக்கச் சொல்லணுமா?” அந்தப் பெண் நர்ஸின் மணிக்கட்டை இறுகப் பிடித்து, வேண்டாம் என்று தலையசைக்கிறாள். சபையில் சொன்னால் நாளைக்கே முதலாளியம்மா காதுக்கு எட்டிவிடும். “ஒண்ணுமில்ல பாஸ்டர், இதோ வர்றேன்” என்கிறாள் நர்ஸ். மணிக்கட்டில் பிடி தளர்கிறது. “நீங்க நல்லா இருப்பீங்கக்கா” என்கிறாள் அந்தப் பெண்.