ஏழும் ஐந்தும்

"ஒரு வரிக்குத் தாளம் ஏழு, அடுத்த வரிக்கு அஞ்சுன்னா கை தடுமாறுது சார். எல்லாத்தையும் எட்டா மாத்திடுங்க" என்று ஒன்பதாவது டிரம்மரும் கிளம்பிவிட்டார். இசையமைப்பாளர் மசியவில்லை. ஸ்டுடியோவில் ஒண்டியாக உட்கார்ந்து காத்திருந்தார்.

பத்தாவதாக வந்த பெண் பிசிறில்லாமல் வாசித்தாள்.

"யாரும்மா சொல்லிக்கொடுத்தது?" என்றார் அவர்.

"எங்க டீச்சர் சார். ஏழும் அஞ்சும் வாசிக்க டிரம்மர் தேவைன்னு நீங்க கொடுத்த விளம்பரத்தைப் பார்த்ததும், 'இந்தத் தாளம் எனக்கு மட்டும்தான் வரும். என்னை வரவழைக்கத்தான் இந்தப் பாட்டையே போட்டிருக்கார். எனக்குப் பதிலா நீ போய் வாசி, நான் வரமாட்டேன்னு புரிஞ்சுக்குவார்'னு அனுப்பினாங்க."



"நல்லா சொல்லிக்கொடுத்திருக்கா" என்றார், தன்னைப் பிரிந்துபோன மனைவியைப் பற்றி.