வெங்காயத்துக்குக் கடன் இல்லை

எழுதிப் பழக்கமில்லாத நான், மதிப்பிற்குரிய கடன் அதிகாரிகளைப் பற்றி எழுதத் துணிந்தமைக்காக முதலில் வாசகர்களிடமும், பிறகு அவ்வதிகாரிகளிடமும் மன்னிப்புக் கோருகிறேன். எழுத்தில் உள்ள பிழைகள் என்னுடையவை, நடந்தவை அவர்களுடையவை.

வேளாண் கடன் அதிகாரியின் கண்கள் கலங்கியிருந்தன. எதிரே அமர்ந்திருந்த விவசாயியின் விண்ணப்பத்தை இரு கைகளாலும் ஏந்தி, துக்கச் செய்தியைக் கையளிப்பவர்போல அவரிடமே திருப்பித் தந்தார்.

"வெங்காயம் மட்டும் வேண்டாம் ஐயா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"போன வருசம் நல்ல விலை போச்சே சார்?"

"அதனாலதான் பயப்படுறேன். இந்த வருசம் எல்லாரும் அதையே போடுவாங்க, விலை தரைக்கு வந்துரும். நானும் சேத்துல கால் வச்சவன்தான், எனக்குத் தெரியாதா? சோளம் போடுங்க. இப்பவே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

விவசாயி, அதிகாரியின் தலைக்கு மேலே தொங்கிய பலகையை நிமிர்ந்து பார்த்தார். ‘உங்களுக்குக் கடன் வழங்குபவரும் ஓர் உழவரே’ என்று வங்கி பெருமையுடன் எழுதி மாட்டியிருந்தது. ஓர் உழவர் இவ்வளவு உருகிச் சொல்லும்போது இன்னோர் உழவர் எப்படி மறுப்பது? சோளத்துக்கே கையெழுத்திட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு அது ஆறாவது விண்ணப்பம். ஆகவே அதிகாரியின் கண்கள் இப்போது சொன்னபடி கேட்கப் பழகியிருந்தன. அவற்றைத் துடைத்துக்கொண்டு, குடும்ப நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் தம் அண்ணனைக் கைப்பேசியில் அழைத்தார்.

"நட்டாச்சாண்ணே?"

"நாலு ஏக்கரும் வெங்காயம் நட்டாச்சு. எனக்குத்தான் பயமா இருக்கு. பேசாம சோளமே போட்டிருக்கலாம்டா. உன் சேமிப்பு, என் சேமிப்பு எல்லாம் இதுல கிடக்கு. போதாததுக்கு நிலத்தை எழுதிக் குடுத்து வெளியில வேற வாங்கியிருக்கோம். விலை கிடைக்கலைன்னா நிலம் நம்ம கையில இருக்காது, பார்த்துக்க."

"எப்படிண்ணே கிடைக்காம போகும்? விதை விக்கிற விலைக்கு, பேங்க் கடன் இல்லாம இந்தப் பக்கம் யாரு வெங்காயம் போடுவா? மண்டியில நம்ம மூட்டை மட்டும்தான் இருக்கும். நாம வச்சதுதான் விலை."

"வேற கிளையில போய் வாங்கிட்டா?"

"பதினாலு கிளைக்கும் ஒரே முடிவு. நிம்மதியா தூங்குங்க."

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ‘உழவர் நலன் கருதி, இப்பருவத்தில் வெங்காயத்துக்குக் கடன் இல்லை’ என்ற தீர்மானம் முந்தைய வாரம்தான் வட்டார மேலாளரின் தலைமையில் நிறைவேறியிருந்தது. கூட்டத்தில் தேநீரா காப்பியா என்பதற்கே அரைமணி நேரம் வாதாடும் பதினான்கு அதிகாரிகளும், இதற்கு ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மாற்றுக் கருத்து உண்டா என்று கேட்க மேலாளருக்கும் தோன்றவில்லை.

அடுத்து வந்த வாரங்களில் அதிகாரி மேலும் முப்பது பேரை வெங்காயத்திடமிருந்து காப்பாற்றினார். காப்பாற்றப்பட்ட ஒருவர் நன்றிக் கடிதமே எழுதினார்; அதைச் சட்டமிட்டுப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். பயிரும் அவருக்குத் துரோகம் செய்யவில்லை. நான்காம் மாதம், உள்ளங்கைக்குள் அடங்காத பருமனில் இரண்டு லாரி வெங்காயம் நிலத்திலிருந்து புறப்பட்டது.

அதிகாரி உடல்நலக் குறைவு என்று விடுப்பெடுத்துக்கொண்டு, மிகுந்த உடல்நலத்துடன் முதல் லாரியில் ஏறினார்.

மண்டி வாசலுக்குக் கால் மைல் முன்பே லாரி நின்றுவிட்டது. முன்னால் லாரிகளின் வரிசை நீண்டிருந்தது. எல்லா லாரிகளிலும் மூட்டைகள். எல்லா மூட்டைகளிலும் வெங்காயம்.

விலை கேட்க உள்ளே போன அண்ணன், போன வேகத்தில் திரும்பவில்லை. வெகுநேரம் கழித்து வந்து லாரிச் சக்கரத்தின் அருகே குந்தினார்.

"கிலோ என்ன சொல்றாங்கண்ணே?"

"விலையே சொல்லல. கொட்டிட்டுப் போங்க, வித்தா பார்க்கலாம்ங்கறாங்க. மூணு நாளா இப்படித்தான் வந்து குவியுதாம். திருப்பிக் கொண்டு போனாலும் வச்சுக்க இடம் இல்ல, அழுகிடும்."

"அப்போ?"

"அப்போ என்ன? உன் சேமிப்பு போச்சு. என் சேமிப்பு போச்சு. நாலு மாச உழைப்பு போச்சு. நாலு ஏக்கரும் போச்சு. லாரி வாடகை இன்னும் பாக்கி."

அதிகாரிக்கு ஆத்திரம் பொங்கியது. ஒருமனதாக நிறைவேறிய தீர்மானத்தை எவனோ மீறியிருக்கிறான். உழவர் நலனைச் சிறிதும் எண்ணாமல் கேட்டவருக்கெல்லாம் கடனை வாரி வழங்கியிருக்கிறான். இப்படியொரு நேர்மையற்ற செயலை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கைப்பேசியை எடுத்தார்.

வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு வந்த மண்டிக்காரர் அவரை அடையாளம் கண்டு நின்றார்.

"காலையிலேயே யாருக்கு சார் போன்?"

"எங்க வட்டார மேலாளருக்கு. இத்தனை பேருக்கும் எந்தக் கிளை கடன் குடுத்துச்சுன்னு இன்னைக்கே தெரிஞ்சாகணும்."

"கடனா? இதுல ஒருத்தர்கூடக் கடன் வாங்கலையே சார். எல்லாம் சொந்தமா போட்ட பணம்."

"கதை விடாதீங்க. சொந்தப் பணத்தைப் போட்டு வெங்காயம் நடுற அளவுக்கு இங்க யாருக்குங்க தைரியம் இருக்கு?"

மண்டிக்காரர் வரிசையின் முன்பக்கம் கையைக் காட்டினார்.

"மேலாளர் அந்த மூணாவது லாரியிலதான் இருக்காரு, நேர்லயே கேளுங்க, மத்த பதிமூணு ஆபீசரும் அவருக்குப் பின்னாலயே நிக்கிறாங்க."